பிறவி வளைபாதச் சிகிச்சையில் தாயின் இடம்: வேலூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை

முன்னுரை

ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுள் ஒன்று, பாதம் உள்நோக்கித் திரும்பிய நிலையில் பிறக்கிறது. இப்பிறவி வளைபாதத்தின் சிகிச்சை வரலாறு பெரும்பாலும் அறுவை மருத்துவர்களின் பெயர்களைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அச்சிகிச்சையில் தாய் வகித்த இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேலூர் முறை

1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், இலண்டனில் டெனிஸ் பிரவுனிடம் பணியாற்றியபின், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். பச்சிளம் பாதத்தை வலிந்து திருப்பி நேராக்குவது பிரவுனின் முறை. அவ்வாறு திருத்தப்பட்ட பாதங்கள் தழும்பேறி விறைத்திருந்தன. வேலூரில் சிகிச்சையே பெறாத பாதங்களோ வளைந்திருந்தும் மென்மை குன்றாதிருந்தன. இவ்வேறுபாட்டைக் கண்ட பிராண்ட், பசித்த குழந்தையுடன் தாயை வரச்செய்து, அது பாலருந்தும்போதே பாதத்தை மெல்லத் திருப்பினார். குழந்தை மார்பை விட்டு அழுமாயின் விசை எல்லை கடந்தது என்பது பொருள். இங்குத் தாய்ப்பாலூட்டல் வெறும் ஆறுதலன்று, சிகிச்சையின் அளவுகோலாகும்.

பொன்செட்டி முறை

அமெரிக்காவின் அயோவாவில் இக்னேசியோ பொன்செட்டி 1940களின் இறுதியில் உருவாக்கி, 1963இல் முடிவுகளை வெளியிட்ட முறையே இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. வாரந்தோறும் மாற்றப்படும் ஐந்து முதல் ஏழு மாவுக்கட்டுகள். பெரும்பாலோர்க்குக் குதிகால் தசைநாணில் சிறு வெட்டு, அதன்பின் மூன்று வாரக் கட்டு. பிறகு பட்டையால் இணைத்த காலணிகள் மூன்று மாதங்களுக்கு நாள்தோறும் 23 மணி நேரம், அதன்பின் நான்கு வயதுவரை உறக்கத்தின்போது. காலணி அணிவிப்பது தடைப்படுதலே பாதம் மீண்டும் வளைவதற்கு முதன்மைக் காரணம். ஆகவே சிகிச்சையின் நீண்ட பகுதி வீட்டில், தாயின் கையில் உள்ளது.

கும்மிடிப்பூண்டிச் சூழல்

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளில் இவ்வுழைப்பு ஊதிய நேரத்துடன் மோதுகிறது. 2013இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத்திட்டம் வளைபாதத்தைக் கண்டறியப்படவேண்டிய பிறவிக் குறைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் முதலிரு குழந்தைகளுக்கான மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. மாவுக்கட்டும் முழுநேரக் காலணியும் ஏறத்தாழ 22 வாரங்கள் கோருகின்றன. பேற்றுக்கு முன் எட்டு வாரங்கள் எடுத்துவிட்ட தாய்க்கு எஞ்சுவது 18 வாரங்களே. முழுநேரக் காலணி கழலுமுன் அவள் பணிக்குத் திரும்ப நேரிடும்.

முடிவுரை

குறையைக் கண்டறிவதோடு திட்டத்தின் கடமை முடிவதில்லை. கட்டுடன் குழந்தையை அணைத்துப் பாலூட்டும் முறை, கால்விரல்களின் நிறத்தைக் கவனித்தல், காலணி பூட்டுதல் ஆகியவற்றைத் தாய்க்கு வீட்டிலேயே கற்பிக்கக் கிராம சுகாதாரச் செவிலியரால் இயலும். ஆலைக் குழந்தைகள் காப்பகப் பணியாளர்க்கும் இப்பயிற்சி வேண்டும். தாயின் நேரத்தையும் சிகிச்சையின் கூறாகக் கொள்வதே வேலூர் முறை உணர்த்தும் பாடம்.