பெயரைக் கத்தரித்தால் என்ன ஆகும்?

பள்ளிக்கூடத்தில் 'இலக்கிய நயம் பாராட்டுக' என்றொரு கேள்வி வருமே, நினைவிருக்கிறதா? 'பாராட்டுக' என்று உத்தரவே போட்ட பிறகு குறை சொல்லவா முடியும்! அதுவும் கம்பர் பாட்டு என்று தெரிந்துவிட்டால், அர்த்தம் புரிவதற்கு முன்பே 'அருமை' என்று பேனா ஓட ஆரம்பித்துவிடும். சரி, கவிஞரின் பெயரை மறைத்துவிட்டுத் தாளை நீட்டினால்?

1920-களில் கேம்பிரிட்ஜில் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் என்கிற இளம் விரிவுரையாளர் அதைத்தான் செய்தார். (ஆரம்பத்தில் அவருக்கு நிலையான சம்பளம் கிடையாது. வகுப்புக்கு வருகிறவரிடம் தலைக்கு 15 ஷில்லிங் வசூல்! விடுமுறை விட்டால் ஆல்ப்ஸ் மலை ஏறப் போய்விடுவார்.) மொத்தம் 13 கவிதைகள். எழுதியவர் பெயர் இல்லை, காலம் இல்லை. 'நிதானமாகப் படித்து, மனசில் பட்டதை எழுதிக் கொடுங்கள்' என்றார். அவ்வளவுதான்.

வந்த விடைகளை 1929-ல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்ற புத்தகமாகவே போட்டார். படித்தவர்கள் ஆடிப்போனார்கள். எழுதியவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை, பெரும்பாலும் ஆங்கில இலக்கியத்தையே பாடமாக எடுத்த மாணவர்கள். ஆனால் ஜான் டன், ஹாப்கின்ஸ் கவிதைகளின் நேரடி அர்த்தமே பலருக்குப் பிடிபடவில்லை. டி.எச்.லாரன்ஸை 'சும்மா அழுகிறார்' என்று ஒதுக்கினார்கள். முந்தைய தலைமுறை தலையில் வைத்துக் கொண்டாடிய லாங்ஃபெல்லோவுக்குத்தான் ஏச்சு அதிகம். இன்று யாரும் நினைவில் வைத்திராத சிலருக்கோ ஏகப்பட்ட கைதட்டல்!

'அப்படியானால் ஆளாளுக்கு ஒரு கருத்து, எல்லாமே சரிதானே?' என்று நீங்கள் கேட்கலாம். ரிச்சர்ட்ஸ் அதற்கு ஒப்பவில்லை. வாசகன் எங்கெங்கே வழுக்குகிறான் என்று பத்து இடங்களைப் பட்டியல் போட்டார். பாட்டில் பியானோ வந்ததும் தன் வீட்டுப் பியானோவை நினைத்து உருகுவது ஒன்று. மதம், சாவு என்றதுமே எப்போதும் சொல்கிற பதிலைச் சொல்வது இன்னொன்று. சொந்தக் கருத்து தாராளமாக இருக்கட்டும், அது பாட்டின் எந்தச் சொல்லிலிருந்து கிளம்பியது என்று விரல் வைத்துக் காட்டு என்பதுதான் அவர் கட்சி.

அதைச் செய்து காட்டியவர் அவருடைய மாணவர் வில்லியம் எம்ப்சன். கணக்கு படித்துவிட்டு இலக்கியத்துக்குத் தாவியவர். ஒரே வரிக்குள் எத்தனை அர்த்தம் ஒளிந்திருக்கிறது என்று தோண்டித் தோண்டி, இரண்டே வாரத்தில் 30,000 வார்த்தை டைப் அடித்துக்கொண்டு வந்து நின்றாராம்! அது 1930-ல் புத்தகமானபோது அவருக்கு வயது 24. ஆனால் 1929-லேயே கல்லூரி அவரை வெளியேற்றிவிட்டது. அறையில் கருத்தடைச் சாதனம் இருந்ததாம்! (1979-ல் அதே கல்லூரி கௌரவ உறுப்பினர் பதவி கொடுத்தது தனிக் கதை.)

ரிச்சர்ட்ஸின் சோதனை மெல்ல மெல்லத் தேர்வுக் கேள்வியாகவே மாறியது. முதலில் கேம்பிரிட்ஜில், பிறகு பள்ளிகளில். இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. இலக்கியத் தேர்வில், 2015-ல் வந்த பாடத்திட்டப்படி, முன்பின் பார்த்திராத கவிதை கட்டாயம். யாரும் சொல்லித் தராத அர்த்தத்தை மாணவனே கண்டுபிடித்து எழுத வேண்டும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லித்தர அங்கே கடைகளில் கைடு விற்கிறது!