குற்றம் ஒருவருடையது, தண்டனை ஊருக்கு: 1915உம் 2018உம்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மஹியங்கனை வீதியால் திகன பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் எங்களுக்கு 2018 மார்ச் ஞாபகம் வரும். பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறோம். ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. 1915ஐயும் சேர்த்துப் படித்தால்தான் எங்களுக்கு உண்மையில் என்ன தேவை என்பது விளங்கும்.

கம்பளையில் பள்ளிவாசலுக்கு முன்னால் பெரஹரா மேளம் அடித்துப் போகலாமா என்று ஒரு வழக்கு. கண்டி மாவட்ட நீதிமன்றம் 1914இல் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்த்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த மே 28, வெசாக் இரவு, கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலடியில் மூண்ட தகராறு சில நாட்களில் கொழும்பு வரை பரவியது. எங்கள் முன்னோரின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஜூன் 2ஆம் திகதி ஆங்கிலேய அரசு இராணுவச் சட்டம் கொண்டுவந்தது. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டார். டி.எஸ். சேனாநாயக்க போன்றவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். நட்டஈட்டுப் பணத்தைச் சிங்கள மக்களிடம் கூட்டாக அறவிட்டார்கள். கல்லெறிந்தவனும் கட்டினான், கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவனும் கட்டினான். அந்த அநியாயங்களுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் குரல் கொடுத்தது எங்களவர்கள் பலருக்குக் கசந்தது. எங்கள் இழப்பை அவர் பேசவில்லை என்ற மனக்குறை நியாயமானதுதான். ஆனாலும் விசாரிக்காமல் தண்டித்தது பிழை என்பதும் உண்மை.

103 வருடம் கழிந்தது. தெல்தெனியவில் நான்கு பேர் ஒரு லொறிச் சாரதியைத் தாக்கினார்கள், அவர் இறந்துபோனார். செய்தவர்கள் முஸ்லிம்கள். அது குற்றம், அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது திகனவின் கடைக்காரர்கள். எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் மரணித்தார். மார்ச் 5 ஊரடங்கு, 6 அவசரகாலச் சட்டம். அதற்குப் பிறகும், 7ஆம் திகதி, அம்பதென்ன பக்கம் தாக்குதல் நடந்தது. மறு வருடம் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு. ஒரு சிலர் செய்ததற்காகச் சமூகம் முழுவதையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள்.

1915இல் சிங்களவரிடம் கூட்டாக அறவிட்டார்கள், 2018இல் எங்களிடம். இரண்டு முறையும் சட்டம் பிந்தி வந்தது, அல்லது ஆளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தது.

இன்றைக்கும் எங்கள் பொலிஸை நடத்துவது 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம். தற்காலிகம் என்று 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. போகம்பறைச் சிறையை 2014இல் மூடிக் கைதிகளைப் பல்லேகலைக்குக் கொண்டுபோனார்கள். இடம்தான் மாறியது. நாட்டின் சிறைகளில் பாதிக்கும் மேல் இன்னும் தீர்ப்புக் கிடைக்காத விளக்கமறியல் கைதிகள்தான்.

ஆகவே வரவு செலவுத் திட்டத்தில் "பாதுகாப்பு" என்று வரும்போது துவக்கையும் ஜீப்பையும் மட்டும் நினைக்காதீர்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதக்கூடிய பொலிஸார், பயிற்சி பெற்ற புலனாய்வாளர்கள், தாமதமில்லாத இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை, வழக்கை முடிக்கப் போதுமான அரச சட்டத்தரணிகள்: காசு இதற்கும் போக வேண்டும். வெறுப்பைத் தூண்டியவனை அன்றைக்கே பிடிக்க முடிந்தால் ஊரடங்கு தேவைப்படாது.

ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரைப் பிடிப்பதை எங்கள் மார்க்கமும் ஏற்காது. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் வீதியும் மதகும் கேட்கிறோம். இனி இதையும் கேட்போம். பக்கத்து வீட்டுச் சிங்களச் சகோதரரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்போம். 1915இல் அவருடைய பாட்டனாரும் கட்டியிருப்பார்.