டைல்ஸில் துருக் கறையா? குளோரோக்ஸ் ஏன் உதவாது?

கிராஞ்சியில் உள்ள ஊழியர் தங்கும் விடுதியோ பழைய வீவக வீடோ, எங்கிருந்தாலும் இது உங்களுக்குப் பழகிய காட்சிதான். இரும்புக் கட்டிலை நகர்த்தினால் தரையில் பழுப்பு வட்டம். கழிப்பறையில் ஷேவிங் நுரை டப்பா வைத்த இடத்தில் இன்னொன்று.

தேய்ச்சுப் பார்த்தும் போகலையா? அடுத்து கை நீளுவது குளோரோக்ஸ் பக்கம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

ப்ளீச் ஏன் வேலை செய்வதில்லை?

இரும்போடு தண்ணீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் துரு. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். மாப் போட்ட தண்ணீர் கட்டில் காலுக்கு அடியில் தங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ப்ளீச், கறையின் நிறத்தை ஆக்ஸிஜனேற்றி வெளுக்கச் செய்யும். பூஞ்சைக் கறைக்கு அது சரி. துருவோ ஏற்கெனவே ஆக்ஸிஜன் ஏறிய இரும்பு. அதை ப்ளீச் கரைக்காது. கறை இன்னும் அழுத்தமாகப் படியலாம். பக்கத்தில் உள்ள இரும்புத் தட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஆபத்து எங்கே?

ப்ளீச் பலன் தரவில்லை என்றதும் பலர் அதன் மேலேயே கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தையோ வினிகரையோ ஊற்றுகிறார்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். ஒரே ஒரு சின்னச் சன்னல் உள்ள கழிப்பறையில் அது விளையாட்டல்ல.

கண் எரிந்தாலோ இருமல் வந்தாலோ சுத்தம் செய்வதை அப்படியே போட்டுவிட்டு வெளியே வாருங்கள். மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் 995-ஐ அழையுங்கள்.

ஏற்கெனவே ப்ளீச் ஊற்றிவிட்டீர்களா? நிறையத் தண்ணீர் விட்டு அலசி, அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். மற்றதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் எது போக்கும்?

சிட்ரிக் அமிலத் தூள். கேக் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கெட்டிலில் படியும் உப்பை நீக்கவும் இதைத்தான் போடுகிறார்கள். அது இரும்பைப் பிடித்துக் கரைத்துக்கொள்ளும்.

ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி தூளைக் கரையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, டிஷ்யூத் தாளை அதில் நனைத்துக் கறைமேல் ஒட்டுங்கள். காயாமல் இருக்க பிளாஸ்டிக் தாளால் மூடி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, துடைத்துக் காயவிடுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும்.

இரும்புக் கம்பிப் பஞ்சு மட்டும் வேண்டாம். டைல்ஸ் கீறுவது ஒரு பக்கம். உதிர்ந்த துகள்களே நாளைக்குப் புதுத் துருவாகும்!

டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்ட்டையும் அமிலம் அரிக்கும். முதலில் அதைத் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். நீண்ட நேரம் ஊறவிடாதீர்கள்.

எல்லா டைல்ஸுக்கும் பொருந்துமா?

இல்லை. செராமிக், போர்சலின் வகைகள் தாங்கும். பளிங்கு, மொசைக் சில்லுகள் பதித்த டெராசோ, லிட்டில் இந்தியா கடைவீடுகளின் ஐந்தடிப் பாதைகளில் காணும் பழைய பூவேலைச் சிமெண்ட் டைல்ஸ் ஆகியவற்றில் எலுமிச்சைச் சாறுகூடப் படக்கூடாது. பளபளப்பு போய்விடும்.

சந்தேகமா? மறைவான மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அமிலம் வேண்டாம். பளிங்குக்கென்றே விற்கும் அமிலமில்லாத துரு நீக்கியைத் தேடுங்கள்.

தொழிற்கூடங்களில் பயன்படுத்தும் துரு நீக்கிகளை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு. தோலில் பட்ட உடனே வலிக்காமல் இருக்கலாம். ஆனால் உள்ளே ஆழமாக அரித்துச் செல்லும்.

கறை திரும்பத் திரும்ப வந்தால்?

கட்டில் காலாக இருந்தால் ரப்பர் மூடி போதும். மேலே எந்த இரும்பும் இல்லாமல் கழிப்பறைத் தரையில் பழுப்புச் சொட்டு விழுகிறதா? தலையை உயர்த்திக் கூரையைப் பாருங்கள். பழைய வீடுகளில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து வீங்கினால், கான்கிரீட் விரிசல் விட்டுப் பெயர்ந்து விழும். வீவக வீட்டில் அப்படித் தெரிந்தால் கழகத்திடம் சொல்லுங்கள். கூரையைப் பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கை ஏற்க அதற்குத் திட்டம் உண்டு.