சுவரின் மறுபக்கம்

காலஞ்சென்ற என் தந்தையார் விட்டுச்சென்ற தகரப் பெட்டியிலே, ஓய்வூதியத் தாள்களுக்கும் பழைய ரயில் சீட்டுகளுக்கும் நடுவில், அட்டை கிழிந்த சிறு புத்தகம் ஒன்று இருக்கிறது. அஞ்சலகத்தார் வழங்கிய ரேடியோ உரிமப் புத்தகம் அது. 1968-ஆம் ஆண்டு உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லிக்கு வந்து சேர்ந்தவர், முதலில் வாங்கிய பெரிய பொருள் ரேடியோப் பெட்டிதான். ஆண்டுதோறும் வரிசையில் நின்று, கட்டணம் செலுத்தி, முத்திரை பெற்று வந்திருக்கிறார். அதை என் மகளிடம் காட்டியபோது, "பாட்டுக் கேட்பதற்கு அரசாங்கத்தின் அனுமதியா?" என்று வியந்தாள். அவள் வியப்பதில் தவறில்லை. கூடத்தில் இருந்தபடியே கைபேசியைத் தொட்டால் சமையலறையிலுள்ள ஒலிபெருக்கி பாடுகிறது. பின்னறையிலுள்ளது வேறொரு பாட்டைப் பாடுகிறது. இடையே கம்பியும் இல்லை, உரிமமும் இல்லை.

இந்த மாற்றத்தை விஞ்ஞானிகளின் வரலாறாகவே பலரும் எழுதுகின்றனர். சட்டத்திற்கும் இதில் சரிபாதிப் பங்குண்டு என்பது என் கருத்து. அரசாங்கத்தின் அறிவிக்கைகளை மொழிபெயர்த்துப் பிழைப்பவனுக்கு இவ்வாறு தோன்றுவது இயல்பே என்று நேயர்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டு, மேற்கொண்டு கேட்கவேண்டுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத அலை சுவரைக் கடக்கும் என்பதை நம் நாட்டிலேயே பலரும் காணச் செய்தவர் ஜகதீச சந்திர போஸ். 1895-ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் அவர் நடத்திய சோதனையில், ஓரிடத்தில் எழுப்பிய மின்காந்த அலை இடையிலிருந்த சுவர்களை ஊடுருவிச் சென்று, மறுபுறத்தில் மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தையும் பற்றவைத்தது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மிகக் குற்றலைகளை அவர் கையாண்டார். பின்னர் அவர் வகுத்த படிக உணர்கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. போஸ் இசையை அனுப்பவில்லை. ஆயினும் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கம்பியின்றிச் சேதி போகும் என்பது அன்றே தெளிவாயிற்று.

அலை சுவரைக் கடந்தது, சட்டத்தைக் கடக்கவில்லை. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தி அமைக்கும் தனியுரிமையை அரசாங்கத்திடமே வைத்திருந்தது. அதன் வீச்சுக்குள் கம்பியில்லாத் தந்தியும் அடங்கிற்று. ஆகையால் சென்னையிலே சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் 1924-ஆம் ஆண்டு மே மாதம் சென்னை மாகாண ரேடியோ சங்கத்தை நிறுவி, ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பத் தொடங்கியபோதும் உரிமம் பெற்றே தொடங்க வேண்டியிருந்தது. பணமுடையினால் அச்சங்கம் 1927-இல் ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்ற சென்னை நகராண்மைக் கழகம் 1930-இல் ஒலிபரப்பை மீண்டும் தொடங்கி, கடற்கரை, பூங்கா முதலிய பொது இடங்களில் ஒலிபெருக்கிகளை அமைத்தது. வானொலி இசையைப் பலர் முதன்முதலில் கேட்டது வீட்டில் அன்று, மணலில் அமர்ந்துதான்.

1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பைத் தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் கம்பெனி, நேயர் செலுத்தும் உரிமக் கட்டணத்தை நம்பியிருந்தது. கட்டணம் செலுத்தாமலே கேட்டவர்கள் ஏராளம். மூன்றாண்டுக்குள் கம்பெனி மூடப்பட்டு, அரசாங்கமே பொறுப்பேற்றது. இந்தக் கசப்பான அனுபவத்தின் பின்னர் வந்ததே 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். உரிமமின்றிக் கருவியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்றது அது. முதற்குற்றத்திற்கு நூறு ரூபாய்வரை அபராதம். அக்காலத்து நூறு ரூபாய் எத்தகைய தொகை என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை. தந்தையார் முத்திரை பெற்றுக் காத்த புத்தகம் இச்சட்டத்தின் வழித்தோன்றலே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். எங்கள் ரேடியோ முன்கூடத்தில், சுவரோரமாக, மேசைமீது இருந்தது. மின்சாரத்துக்கு ஒரு கம்பி, மொட்டைமாடியிலிருந்து இறங்கிவரும் ஏரியல் கம்பி ஒன்று. இவற்றால் கட்டுண்ட பெட்டி அங்கிருந்து அசையாது. மாலையில் தமிழ்ச் செய்தி கேட்கவும், சிற்றலையில் இலங்கை வானொலியின் பாட்டுகளைத் தேடவும் அண்டை வீட்டுத் தமிழர் இரண்டு மூவர் வந்து அமர்வர். இரைச்சலுக்கு நடுவே தெரிந்த குரல் ஒன்று எழுந்துவிட்டால் அவர்கள் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை இன்றும் மறக்கமாட்டேன். என் தாயாரோ அந்நேரத்தில் அடுக்களையில் இருப்பார். பாட்டு அவரைச் சுவரைத் தாண்டித்தான் அடையும். தாளிக்கும் ஓசையில் பாதி போகும். சற்று உரக்க வைக்கச் சொன்னால், படிக்கும் பிள்ளைகளுக்கு இடையூறு என்பார் தந்தையார். நிலையத்தைத் திருப்பும் குமிழைத் தாயார் தொட்டதாக எனக்கு நினைவில்லை. இதை யாரும் கொடுமையாக எண்ணவில்லை. பெட்டி ஒன்று, இடம் ஒன்று, திருப்பும் கை ஒன்று.

வீட்டுக்குள்ளேயே இசையைக் கம்பியின்றி அனுப்பும் முயற்சி, நாம் நினைப்பதைவிடப் பழையது. அமெரிக்காவிலே 1930களின் இறுதியில் கம்பியில்லா இசைத்தட்டுக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. இசைத்தட்டின்மேல் ஓடும் முள் எழுப்பும் மின்துடிப்பை, உள்ளிருந்த வால்வு ஒன்று மெல்லிய வானொலி அலைமீது ஏற்றி வெளியே விடும். நிலையம் எதுவும் இல்லாத எண்ணில் கூடத்து ரேடியோவைத் திருப்பி வைத்தால், படுக்கையறையில் சுழலும் தட்டு கூடத்தில் பாடும். கருத்தளவில், இன்று நம் மகனும் மகளும் செய்வது இதுவே. பில்கோ கம்பெனியார் 1939-ஆம் ஆண்டு மாதிரிகளில், ரேடியோவை எட்ட இருந்தே கம்பியின்றி இயக்கும் கைப்பெட்டியையும் சேர்த்தனர்.

அப்போதுதான் சட்டச் சிக்கல் எழுந்தது. அலையை வெளியிடுவது எதுவோ அது ஒலிபரப்பு நிலையமே. நிலையத்திற்கு உரிமம் வேண்டும். அப்படியானால் இசைத்தட்டு வைத்திருக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் ஓர் ஒலிபரப்பு நிலையமா? அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1938-இல் நல்லதொரு வழி கண்டது. அலையைத் தடை செய்யவில்லை. அதன் வலிமைக்கு அளவு கட்டிற்று. அலையின் அதிர்வெண்ணைக் கொண்டு ஒரு தூரத்தைக் கணக்கிட்டு, அத்தூரத்தில் அலையின் செறிவு மீட்டருக்கு 15 மைக்ரோவோல்ட்டை மீறலாகாது என்றது. ஆயிரம் கிலோசைக்கிள் அலைக்கு அத்தூரம் 157 அடி; ஏறத்தாழ ஒரு வீடும் அதன் தோட்டமும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எல்லைக்குள் அவரவர் வீட்டு அலை அவரவருக்கு, உரிமம் வேண்டா. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: பிறருக்கு இடையூறு செய்யலாகாது, பிறரால் வரும் இடையூறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூட்டுக் குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு இவ்விதி புதிதன்று.

இங்கே இசைவாணர் ஒருவரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1942-இல் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் ஒரு காப்புரிமை பெற்றனர். கடற்போரில் ஏவப்படும் டார்பிடோவை இயக்கும் அலை, எதிரி தடுக்க இயலாதவாறு, ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணுக்குத் தாவிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அனுப்புவோனும் வாங்குவோனும் ஒரே சமயத்தில் தாவுவதற்குத் தானியங்கிப் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளையே கருவியாகக் கொண்டனர். பியானோவின் கட்டைகளைப் போலவே அலைவரிசைகளும் 88. போரில் அது பயன்படவில்லை. காப்புரிமையின் காலமும் கழிந்தது. எனினும் இன்று புளூடூத் எனப்படும் முறை, 79 அலைவரிசைகளிடையே நொடிக்கு 1600 முறை தாவியே இசையைக் கொண்டு செல்கிறது. பின்வந்த பொறியாளர்கள் அந்த இருவரிடமிருந்துதான் கற்றனர் என்று கூறிவிட முடியாது. இரண்டும் ஒரே எண்ணத்தைச் சார்ந்தவை என்பது மட்டும் உறுதி.

அமெரிக்க ஆணையம் 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் மற்றொரு கதவைத் திறந்தது. மைக்கேல் மார்க்கஸ் என்னும் பொறியாளரின் முயற்சியால், தாவும் அலைகளும் பரந்து விரியும் அலைகளும் மூன்று பட்டைகளில் ஒரு வாட் வலிமைவரை உரிமமின்றி இயங்க வழி பிறந்தது. அவற்றுள் ஒன்று 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டை. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இயங்குகிறது. அடுப்பின் இரைச்சல் நிறைந்த அந்தப் பட்டையை அதுவரை விரும்பிக் கேட்டவர் இல்லை. யாரும் வேண்டாத அந்நிலத்திலேதான் பிற்காலத்தில் வைஃபை குடியேறிற்று.

வீடு எளிதில் இடங்கொடுக்கவில்லை. போஸின் அலை சுவரைக் கடந்தது உண்மை; ஆனால் அலையின் ஒரு பகுதி சுவரில் மோதித் திரும்பவும் செய்யும். பீரோ, கூரை, ஜன்னற்கம்பி யாவும் எதிரொலிக்க, ஒரே சேதியின் பல நகல்கள் முன்னும் பின்னுமாக வந்து ஒன்றையொன்று குழப்பும். வெட்டவெளியில் இல்லாத இடர் இது. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஓ'சல்லிவனும் தோழர்களும் 1990களின் தொடக்கத்தில் இதற்கு விடை கண்டனர். வேகமான ஒரே ஓட்டமாக அனுப்பாமல், சேதியைப் பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து, பல அலைகளில் அருகருகே அனுப்புவது அம்முறை. ஓ'சல்லிவன் வானொலி வானியலில் தேர்ந்தவர். கருந்துளைகள் வெடிப்பதாற் பிறக்கும் அலைத்துடிப்பை 1970களில் தேடிக் காணாது போனவர். மங்கிய அலைகளைத் தெளிவாக்க அவர் அங்கே பழகிய கணிதம் இங்கே கைகொடுத்தது. வானத்தில் தேடிய பொருள் கிட்டவில்லை. வீட்டுக் கூடத்திற்குப் பயன் கிட்டிற்று.

இசையைச் சுருக்கும் கலையும் அக்காலத்திலேயே வளர்ந்தது. குறுந்தகட்டின் இசை நொடிக்கு ஏறக்குறைய 14 லட்சம் துணுக்குகளாக ஓடுவது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் உருவாக்கிய எம்.பி.3 முறை, செவி கவனியாதவற்றை நீக்கி, அதைப் பதினொன்றில் ஒரு பங்காகவும் ஆக்கியது. நுணுகிக் கேட்பவர் இன்றும் இதனோடு வழக்காடுவர். தம்புராவின் கார்வை தேய்ந்துவிடுகிறது என்பர். அவர்கள் கூற்றில் சிறிது உண்மை உண்டு.

பின்னர் நடந்தவை விரைவாக நடந்தன. 2001-இல் சிலிம்பி3 என்ற கருவி, கணினியிலுள்ள பாட்டை வீட்டின் ஒலிபெருக்கிக்குக் கம்பிவழிக் கணினி இணைப்பில் கொண்டு சேர்த்தது. அதன் பின்வந்த ஸ்குவீஸ்பாக்ஸ் கம்பியையும் விட்டது. 2004-இல் ஆப்பிள் கம்பெனியின் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸும், 2005-இல் சோனோஸ் கம்பெனியின் கருவிகளும் வந்தன. பல அறைகளில் ஒரே பாட்டை ஒரே கணத்தில் ஒலிக்கச் செய்வதுதான் இவற்றிற் கடினமான பகுதி. ஓர் அறைக் கருவி நொடியின் சிறு பகுதி பின்தங்கினாலும் நடையில் நின்று கேட்பவனுக்கு மிருதங்கம் இரட்டை அடியாக விழும். ஆகவே கருவிகள் தம்முள் ஓயாது கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்கின்றன. பாட்டின் சிறு பகுதியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, குறித்த கணத்தில் ஒருசேர ஒலிக்கின்றன.

நம் நாட்டில் ரேடியோப் பெட்டிக்குரிய கட்டணம் 1980களில் ஒழிந்தது. வீட்டுக்குள் அலையை வெளியிடும் உரிமை அதனோடு வந்துவிடவில்லை. 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் குறைந்த வலிமைக் கருவிகளைப் பயன்படுத்த உரிமம் பெறும் தேவையிலிருந்து விலக்களிக்கும் விதிகள் 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் அரசிதழில் வெளியாயின. அவ்விதிகளைப் படித்துப் பார்த்தேன். தொழில்முறையில் சொல்வதானால், அதைவிடச் சுவையற்ற நடையைக் காண்பது அரிது. ஆனால் அவை எந்தச் சட்டங்களின் அதிகாரத்தைக் கொண்டு இயற்றப்பட்டன என்று முகப்பில் பார்த்தபோது, சற்று நேரம் தாளைக் கீழே வைத்துவிட்டேன். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம். தந்தையாரை அஞ்சலக வரிசையில் நிறுத்திய சட்டமே என் வீட்டு அலைக்கு விடுதலையும் எழுதிக் கொடுத்திருந்தது. அவ்விரு சட்டங்களுக்கும் மாற்றாக 2023-இல் நாடாளுமன்றம் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை இயற்றியது.

தாயார் இப்போது எங்களோடு இருக்கிறார். முழங்கால் வலியினால் கூடத்திற்கு அதிகம் வருவதில்லை. சென்ற ஆண்டு வீடு முழுவதற்கும் இவ்வொலிபெருக்கிகளை வாங்கி, சமையலறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, அவர் அறையில் ஒன்றாக வைத்தேன். காலையில் எல்லா அறைகளிலும் ஒரே பாட்டு ஒலிக்கும்படி இணைத்துவிட்டு, பழையபடி குடும்பம் முழுவதும் சேர்ந்து கேட்கிறது என்று பெருமிதங்கொண்டேன்.

நான்காம் நாள் தாயார் கூப்பிட்டார். "உங்க பாட்டு உங்க கூடத்திலே இருக்கட்டும்பா. என் பெட்டியை மட்டும் தனியா விட்டுடு" என்றார். அவ்வாறே பிரித்துக் கொடுத்தேன். அன்று மாலை அவர் அறையில் நாகசுரம் ஒலித்தது. நடுவில் நிறுத்தி, முதலிலிருந்து மீண்டும் வைத்தார். நான் கூடத்தில் அமர்ந்து, சுவரின் இப்புறத்திலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.