பூ விழுந்த கண்ணும் கண் வங்கியும்

தில்லி சரோஜினி நகருக்கு அண்மையிலுள்ள எய்ம்ஸ் வளாகத்தில் 1965இல் தேசியக் கண் வங்கி நிறுவப்பட்டது. இவ்வரலாற்றின் முந்தைய அத்தியாயம் சென்னை எழும்பூரில் தொடங்குகிறது.

‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று நம் ஊர்களில் கூறுவது பெரும்பாலும் கருவிழித் தழும்பையே. பாக்டீரியாவோ பூஞ்சையோ உண்டாக்கிய புண் ஆறினாலும், சீராக அடுக்கப்பட்டிருந்த கொலாஜன் இழைகள் குலைந்து வெண்தழும்பு எஞ்சுகிறது. மருந்து கிருமியைக் கொல்லும். முற்றிய தழும்பை அகற்றாது. அதனை வெட்டியெடுத்து, தெளிந்த கருவிழியைப் பொருத்தவேண்டும்.

1905 டிசம்பர் 7 அன்று ஓலமோட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் முதன்முதலாக இதில் வென்றார். சுண்ணாம்பால் வெந்த கண்ணுக்கு, காயமுற்று அகற்றப்பட்ட ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கருவிழி கிடைத்தது. இத்தகைய தற்செயலை நம்பி ஒரு சிகிச்சைமுறை வளர இயலாது. 1930களில் ஒடெஸாவின் ஃபிலாத்தோவ், இறந்தோரின் கருவிழியும் பயன்படும் என நிலைநாட்டினார். 1944இல் நியூயார்க்கில் கண் வங்கி தோன்றியது. அடுத்த ஆண்டே எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இந்தியாவின் முதல் கண் வங்கி அமைந்தது. அங்கேயே 1948இல் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா கருவிழி மாற்று அறுவையை வெற்றியுடன் செய்தார்.

ஆக, இவ்வரலாறு கத்தியின் வரலாறு மட்டுமன்று. கொடையின் வரலாறும் ஆகும். இன்றும் தட்டுப்பாடு கருவிழிக்கே. இறந்து ஆறு மணி நேரத்திற்குள் கண்கள் பெறப்படவேண்டும். துயரம் சூழ்ந்த அவ்வேளையில் ஒப்புதல் அளிக்கவேண்டியவர்கள் குடும்பத்தாரே. ஆதலால் நம் விருப்பத்தை இன்றே அவர்களிடம் கூறிவைப்போம்.