ஒகினாவாவின் கொடி

ஜப்பானின் 47 மாகாணங்களுக்கும் தனித்தனிக் கொடி உண்டு. ஒகினாவாவின் கொடிக்குப் பின்னே ஒரு துயரக் கதையும் உண்டு.

1945 முதல் அத்தீவுகள் அமெரிக்க ஆட்சியில் இருந்தன. அவற்றின் கப்பல்கள் ஓரம் வெட்டிய சைகைக் கொடியொன்றையே ஏற்றின. பிற நாட்டார் பலர் அதனை அறிந்திலர். 1962-இல் அக்கொடியுடன் சென்ற மீன்பிடிக் கப்பலொன்றை இந்தோனேசிய விமானம் சுட்டது, ஒருவர் மாண்டார். 1967-இல்தான், 'ரியூக்கியூ' என்றெழுதிய சிறுகொடியுடன் ஜப்பானியக் கொடியை ஏற்றும் உரிமை கிடைத்தது.

1972 மே மாதம் தீவுகள் ஜப்பானுடன் மீண்டும் இணைந்தன. அக்டோபரில் மாகாணக் கொடி பிறந்தது. வெண்டுகிலில் விளங்கும் பெரிய செவ்வட்டம் கடலைக் குறிக்கும். அதனுள் அமைந்த வெள்ளை வட்டம் அமைதியை. நடுவிலுள்ள செவ்வட்டம் உலகளாவிய வளர்ச்சியை. அவ்வெள்ளை வட்டமே ஒகினாவாவின் ஆங்கில முதலெழுத்துமாகும்.

யாரும் அறியாக் கொடியின்கீழ் உயிர்நீத்த கடலோடியின் தீவுகளுக்கு, தம் பெயரெழுத்தே பொறித்த கொடி வாய்த்தது.