பெறுபேறும் தன்மதிப்பீடும்: புத்தூர் வகுப்பறையிலிருந்து ஒரு வாதம்

வலிகாமம் கிழக்கில் புத்தூர் போன்ற ஊர்களில், ஒரு பிள்ளை தன்னைப் பற்றிய தீர்ப்பைப் பத்து வயதிலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறது. முதலில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி. பிறகு தவணைதோறும் வகுப்பு நிலை, சாதாரண தரப் பெறுபேறு. ஈற்றில் உயர்தர இசட் புள்ளியும் மாவட்ட நிலையும். சித்தியடைந்தோரின் படங்கள் ரியூசன் வாசல்களில் பதாகைகளாகத் தொங்கும். இவையெல்லாம் பிள்ளைகளை ஊக்குவிக்கும் என்று நம்புகிறோம். ஒரே பின்னூட்டல் எல்லா மனங்களிலும் ஒரே விளைவைத் தரும் என்ற அனுமானத்தில் எழுந்த நம்பிக்கை அது. அந்த அனுமானம் பிழையானது.

நல்ல செய்தி கிடைத்தால் கருத்தைத் தாராளமாகவும் கெட்ட செய்தி கிடைத்தால் குறைவாகவும் திருத்திக்கொள்வது பெரும்பாலோரின் இயல்பு என்று ஆய்வாளர் தாலி ஷாரொட்டும் அவருடைய சகாக்களும் 2011இல் காட்டினர். மனச்சோர்வு உள்ளோரிடம் இந்தச் சாய்வு இல்லை என்பது 2014இல் கிறிஸ்தோப் கோர்ன் குழுவினரின் முடிவு. ஜேர்மனியில் தோபியாஸ் கூபேயின் ஆய்வுகள் இன்னும் ஆழமாகச் செல்கின்றன. மனச்சோர்வுள்ளவர் நல்ல பெறுபேற்றைக் காண்கிறார். ஆனால் அது தற்செயல், விதிவிலக்கு என்று விளக்கி அதன் வலுவை நீக்கிவிடுகிறார். “சேர் ஆறுதலுக்குச் சொல்லுறார்” என்று ஒரு மாணவி முணுமுணுத்தால், அங்கே நடப்பதும் இதுவே. பாராட்டு அவள் காதுக்கு எட்டுகிறது. “என்னால ஏலாது” என்ற நம்பிக்கை அசையாமல் இருக்கிறது.

பிறர் தம்மை எப்படி மதிப்பிடுவார்களோ என்று அஞ்சும் சமூகப் பதகளிப்பின் வழி வேறு. லியோனி கோபான் குழுவினரின் 2017ஆம் ஆண்டு ஆய்வில், பேச்சு நிகழ்த்தி நடுவர்களின் மதிப்பீட்டைப் பெற்ற பதகளிப்புடையோர், தம்மைப் பற்றிய எண்ணத்தை எதிர்மறைப் பக்கமாகவே கூடுதலாக மாற்றிக்கொண்டனர். அத்துடன் முடிவதில்லை. நிகழ்வு முடிந்த பிறகும் அதையே மீட்டி மீட்டி மனம் அலைவதை 1995இலேயே உளவியலாளர்களான கிளார்க்கும் வெல்ஸும் விளக்கியுள்ளனர். இத்தகைய பிள்ளைக்கு மேடையில் கிடைக்கும் புகழும் பாரமாகலாம்: அடுத்த முறையும் அந்த உயரத்தை எட்ட வேண்டுமே!

ஆகவே “திட்டாதீர்கள், பாராட்டுங்கள்” என்ற பொதுவான அறிவுரை போதாது.

மதிப்பீட்டைச் சொல்பவரின் மனநிலையையும் மறக்கலாகாது. 1995 ஒக்டோபர் 30இல் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்தது. அன்று பிள்ளைகளாயிருந்தோர் இன்று பெற்றோர், ஆசிரியர். போர் முடிந்த 2009இல் யாழ் மாவட்டத்தில் எடுக்கப்பட்ட ஆய்வில் பங்கேற்றோரில் 32.6 வீதத்தினரிடம் பதகளிப்பு அறிகுறிகளும் 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வு அறிகுறிகளும் காணப்பட்டன. தனிமனிதரின் துயரைக் குடும்பத்திலிருந்தும் சமூகத்திலிருந்தும் பிரித்துப் பார்க்க முடியாது என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவருகிறார். தன்னைப் பற்றியே நல்லதை நம்ப மறுக்கும் ஒருவர் பிள்ளையிடம் நல்லதை நம்பும்படி சொல்வது அரிது.

போட்டிதான் யாழ்ப்பாணத்துக் கல்வியை வளர்த்தது என்பார்கள். வென்றவர்களை மட்டும் எண்ணிச் சொல்லும் கணக்கு அது. மேற்சொன்ன பரிசோதனைகள் பெரும்பாலும் மேலைநாட்டு வளர்ந்தோரிடம் செய்யப்பட்டவை என்பதால், யாழ் பல்கலைக்கழகம் இங்குள்ள மாணவரிடையே அவற்றை நடத்திப் பார்க்க வேண்டும். அதற்காகக் காத்திராமல் ஆசிரியர்கள் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. மதிப்பீட்டைத் தனியே சொல்லுங்கள். பிள்ளையை விட்டு விடைத்தாளைப் பற்றிப் பேசுங்கள். சொன்னதை அவன் எப்படி விளங்கிக்கொண்டான் என்று கேளுங்கள். வாட்டம் வாரக்கணக்கில் நீண்டால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். வரும் தவணையிலிருந்து நிலைப் பட்டியலை அறிவித்தற்பலகையில் ஒட்டாதீர்கள்.